புள்ளிக்கோடும் வெள்ளாடும்

அன்புள்ள அக்கா,

இத்தனை வருடமாக எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் 'விட்சர் 3' வீடியோ விளையாட்டை இப்போதுதான் தொடங்கினேன். 22 மணி நேரம் ஆகிவிட்டது. மனதில் எதுவுமே ஒட்டவில்லை. சண்டை என்றால் லேசாக ஒரு வெட்டு, ஓங்கி ஒரு வெட்டு, உருண்டு விலகல், மறுபடி வெட்டு. ரோல்பிளேயிங் கேம், அதாவது வேஷம் கட்டி ஆடும் விளையாட்டு என்கிறார்கள். ஆனால் கதாநாயகன் ஜெரால்ட்டின் பெயர், முகம், கடந்தகாலம் எதுவும் என் கையில் இல்லை. மகளாக வளர்த்த பெண்ணைத் தேடி அலையும்போது, யாரோ ஒருவருடைய ஆட்டை மணியடித்துக் கூட்டிவரச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். மூன்று வாரமாகத் தொடவில்லை. பாராட்டிய இத்தனை பேரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியென்றால் கோளாறு என்னிடமா? தொடரலாமா, விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

முதலில் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி வாருங்கள். ஒரு விளையாட்டு பிடிக்கவில்லை என்பதற்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஊரே மெச்சும் ஒன்று நமக்கு மட்டும் சப்பென்று இருக்கும்போது வரும் தனிமை எனக்குத் தெரியும். விழாவுக்குப் போன இடத்தில் எல்லோரும் சிரிக்க, நாம் மட்டும் விழித்துக்கொண்டு நிற்பது போன்றது அது. அந்த வலி உண்மையானது. அதனால்தான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கத்திச்சண்டை சுமார்தான். அந்த விளையாட்டை நேசிப்பவர்களே அதை ஒப்புக்கொள்வார்கள். கடினத்தைக் கூட்டி வைத்தால், எந்தப் பூதத்துக்கு எந்த எண்ணெயை வாளில் பூசுவது என்று யோசிக்க வேண்டி வரும்; கொஞ்சம் தேறும். ஜெரால்ட் உங்கள் ஆள் இல்லை என்பதை நான் குறையாகவே எடுக்க மாட்டேன். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கியின் சிறுகதையில் 1986-லேயே பிறந்துவிட்டவர் அவர். வேஷம் கட்டுகிறவருக்குப் பாத்திரத்தின் பிறப்பை மாற்ற உரிமை கிடையாது. அதனால் அது நடிப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

என்னை உறுத்தியது வேறு. 22 மணி நேரம் ஒரு நாட்டில் சுற்றியிருக்கிறீர்கள். கடிதத்தில் ஒரு ஊரின் பெயர் இல்லை. ஒரு ஆறு, ஒரு சதுப்புநிலம், ஒரு தூக்குமரம் இல்லை. 'யாரோ ஒருவருடைய ஆடு' என்கிறீர்கள். அந்த ஆட்டுக்குப் பெயர் இளவரசி. அதன் சொந்தக்காரர் குறி சொல்பவர். ஆடு வந்தால்தான் குறி சொல்வேன் என்கிறார். அந்தப் பகுதியை ஆளும் பாரனின் (பிரபுவின்) மனைவியும் மகளும் எங்கே போனார்கள் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர்களைக் கண்டுபிடித்தால்தான் ஜெரால்ட் தேடும் மகள் சிரியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைப் பாரன் சொல்லுவார். அதாவது மகளைத் தேடுவதும் ஆட்டைத் தேடுவதும் ஒரே வேலை. இதையெல்லாம் உங்களிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து சொன்னார்கள். உங்கள் காதில் விழவில்லை.

விழாததற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை. திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டப் படம். அதில் ஒரு புள்ளிக்கோடு. நீங்கள் அந்த நாட்டைப் பார்க்கவில்லை, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே குதிரை ஓட்டியிருக்கிறீர்கள். யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கோடு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

இதைச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். 2002-ல் வந்த 'மாரோவிண்ட்' விளையாட்டில் போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. கப்பலிலிருந்து இறக்கிவிடுவார்கள். பால்மோரா என்ற ஊருக்குப் போய் இன்னாரைப் பார் என்பார்கள். அவர் இன்னொருவரிடம் அனுப்புவார். அந்த இன்னொருவர், பாழடைந்த கோட்டம் ஒன்றிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார். வழியையும் அவரே சொல்வார்: ஊருக்கு வெளியே ஆற்றைத் தாண்டு, படைக்கோட்டை வரும், எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்தின் மேல் பழைய பாலம் இருக்கும், அக்கரையில் ஒரு கைப்பிடியைத் திருப்பு, கதவு திறக்கும்.

முதல் நாள் மாலை அந்தப் பாலத்தைத் தவறவிட்டேன். பள்ளத்தின் அடியிலேயே நடந்து, சாம்பல் காற்றில் எங்கோ போய்விட்டேன். தலைக்கு மேல் கிளிஃப் ரேசர்கள் என்ற பறக்கும் பிராணிகள் கத்திக்கொண்டு விரட்டின. இரண்டாம் நாள் அவர் சொன்ன வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஊரிலிருந்து மறுபடி கிளம்பினேன். கோட்டை வந்தது. பாலம் வந்தது. ஒரு குரல் சொன்ன சொல் கண்ணெதிரே கல்லாக நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மாலை முழுக்க உள்ளே தேடியும் பெட்டி அகப்படவில்லை. மூன்றாம் நாள்தான் கிடைத்தது. கையடக்கமான ஒரு கனசதுரம், ஒரு தட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்கு முன் அந்த அறை வாசலை எத்தனையோ முறை கடந்திருந்தேன்.

அந்தப் பள்ளத்தின் வளைவுகளை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்குப் பின் விளையாடிய எத்தனையோ விளையாட்டுகளின் வரைபடங்கள் எனக்கு நினைவில் இல்லை. அவற்றில் யாரும் என்னிடம் வழி சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அதே நிறுவனம் 2006-ல் 'ஆப்லிவியன்' வெளியிட்டபோது திசைகாட்டியில் அம்புக்குறி வந்து உட்கார்ந்துவிட்டது. மாரோவிண்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்தாக இருந்தது. ஆப்லிவியனில் எல்லோரும் வாய் திறந்து பேசினார்கள். பேசும் ஒவ்வொரு வரிக்கும் நடிகர் வேண்டும், ஒலிப்பதிவு வேண்டும். வழி சொல்லும் பத்து வரியின் வேலையை ஓர் அம்பு செலவில்லாமல் செய்துவிடும். குரல் கிடைத்த அன்றைக்கே அந்த மனிதர்கள் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லாமல் போனது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

வேஷம் என்பது தலைமுடியின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை, க. எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு, நம்பி, அதன்படி அடியெடுத்து வைக்கும்போதுதான் நான் அந்த உலகத்து ஆளாகிறேன். 2022-ல் 'எல்டன் ரிங்' விளையாட்டு, செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் குவெஸ்ட் குறிப்பேடே இல்லாமல் வந்தது. கோடிக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். மக்களுக்குப் பொறுமை கிடையாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது உங்களைத் திட்டப்போகிறேன். இதுவரை நீங்கள் கடந்த இடங்களில், புள்ளிக்கோட்டைப் பின்தொடர்ந்தால் மட்டும் போதாது என்று ஆன இடம் எது? அந்த ஆடுதான். மணியடிக்க வேண்டும், நிற்க வேண்டும், அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்க வேண்டும், வழிதவறினால் மறுபடி மணியடிக்க வேண்டும். இன்னொரு உயிரின் வேகத்துக்கு நடக்கச் சொல்லி உங்களிடம் கேட்டார்கள். அங்கே போய்க் கன்ட்ரோலரைக் கீழே வைத்தீர்களே! கூலிக்குப் பூதம் கொல்லும் ஒரு மனிதன், மகளை நினைத்துக்கொண்டே, அடுத்தவர் ஆட்டுக்கு மணியடித்தபடி சேற்றில் நடக்கிறான். ஜெரால்ட் யார் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. வாள் சுழற்றிய எந்த இடத்திலும் இல்லை.

தொடர்வதா என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் ஒரே ஒரு மாலை கொடுங்கள். அமைப்புகளில் அந்த மூலை வட்டப் படத்தை (மினிமேப்பை) அணைத்துவிடலாம். முழுக்கப் பலன் தராது, ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு வழி சொல்லும் வசனங்கள் போதிய அளவு எழுதப்படவில்லை. அவ்வப்போது பெரிய வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் யாராவது பேசும்போது பொத்தானை அழுத்தித் தாண்டாதீர்கள். பாரனின் கதை முடிந்த பிறகும் ஒட்டவில்லை என்றால் அழித்துவிட்டு நிம்மதியாக வேறொன்றைத் தொடங்குங்கள். உங்கள் ரசனையை நான் சந்தேகிக்க மாட்டேன்.

இளவரசியைக் கொண்டுபோய்ச் சேருங்கள். குறி சொல்பவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா