மன உறுதியும் மாலை நேரமும்

அன்புள்ள ஐயா,

பொறியியல் மூன்றாம் ஆண்டில் குடியால் படிப்பை விட்டவன் நான். மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை முடித்து வந்தபின் எட்டு மாதங்களாகக் குடிக்கவில்லை. வரும் பருவத்தில் மறுசேர்க்கை கிடைத்துவிடும். என்னைவிட இளையவர்களோடு உட்கார வேண்டும். வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரும்படியும், மாத்திரையைத் தொடரும்படியும், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களைத் தவறவிடக் கூடாது என்றும் மருத்துவர் சொல்கிறார். என் ஏடிஎம் அட்டை அப்பாவிடம் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்தால் கூசுகிறது. அதே விடுதியில் தங்கி, குடிப்பவர்கள் நடுவிலேயே குடிக்காமல் இருந்து காட்டினால்தான் நான் மீண்டவன் என்று தோன்றுகிறது. உடன் படிப்பவர்களிடம் என் கடந்தகாலத்தைச் சொல்லலாமா? வருகைப்பதிவு, அரியர் எல்லாமே பயமாக இருக்கின்றன. மன உறுதியை வளர்க்கும் நூல்கள் இருந்தால் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

மன உறுதியை வளர்க்கும் நூல் எதையும் உங்களுக்குச் சொல்வதாக இல்லை. 75 விழுக்காடு வருகைப்பதிவு, விட்டுப்போன தாள்கள் போன்றவற்றைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் அரை மணி நேரத்தில் தெளிவாகிவிடும். இளையவர்களோடு உட்காரும் கூச்சம் முதல் இன்டர்னல் தேர்வுவரைகூடத் தாங்காது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஏடிஎம் அட்டையைப் பற்றிய வரிதான். குடியை விட்டவர்களிடம் நம் ஊர் எதைக் கேட்கிறது என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர் கேட்பது மன உறுதியை. குடிப்பவர்களும் வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "நெனச்சா நாளைக்கே விட்டுருவேன்" என்று சொல்லாத குடிகாரரை நான் கண்டதில்லை. குடியை விட்டபின்னும் அதே வீறாப்பைத்தான் நீங்கள் பேசுகிறீர்கள், குடிப்பதற்குப் பதிலாகக் குடிக்காமலிருப்பதை வைத்துப் பேசுகிறீர்கள், அவ்வளவே. தீக்குளித்துக் காட்டும்படி உங்களை யார் கேட்டார்கள்? உங்கள் அப்பா கேட்டாரா? அவர் மகன் தேர்வெழுதினால் போதும் என்றிருக்கிறார்.

என் மாமா ஒருவர் கல்லூரியைப் பாதியில் விட்டவர். முப்பது வயதைத் தாண்டியபின் பகலில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டு, மாலைக் கல்லூரியில் சேர்ந்து பட்டப்படிப்பை முடித்தார். டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வருவதற்கு முன்பு, தனியார் பிராந்திக்கடைகள் இருந்த காலம் அது. தினமும் காலையில் பல் துலக்கியதும் அவர் அடுக்களை வாசலுக்கு வந்து நிற்பார். அத்தை, குடியை விட்டவர்களுக்குக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையை எவர்சில்வர் டம்ளரில் கரைத்துக் கொடுப்பார். குடித்து முடித்ததும், "ஏதாவது பேசுங்க" என்பார். வாயில் அடக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிடக் கூடாது என்பதற்காக! மாமா அன்றைய செய்தித்தாளின் தலைப்பு ஒன்றை உரக்கச் சொல்லிவிட்டு, "இன்னைக்கு வேலை முடிஞ்சுது" என்று சிரிப்பார். சிறுவனாக அதைப் பார்த்தபோது, வளர்ந்த ஓர் ஆணை இப்படி நிற்கவைக்கிறார்களே என்று எனக்கு அத்தைமேல் கோபம்கூட வந்ததுண்டு.

ஆனால் மாமாவின் சொல்லில் அந்த மருந்தின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. சாராயம் உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை மேற்கொண்டு சிதையவிடாமல் அது தடுத்துவிடும். அதன்பிறகு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுக்க வேண்டிவரும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்த விளைவு நீடிக்கலாம். அதாவது தெளிந்த மனத்தோடு காலையில் ஒருமுறை எடுத்த முடிவு, களைத்துப்போன மாலையில் மறுபடி எடுக்கத் தேவையில்லாததாகிவிடுகிறது. (இது மருத்துவர் சொல்லி, குடிப்பவர் அறிந்து எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து. கணவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் பொடி கலந்து கொடுக்கச் சொல்லும் விளம்பரக்காரர்களைக் காவல்துறை ஏன் விட்டுவைத்திருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.) கல்லூரிக்குப் போகும் வழியில் கடை இருந்ததால் மாமா ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி வேறு தெரு வழியாக நடப்பார். பேருந்துக் கட்டணமும் தேநீர்க் காசும் மட்டுமே பையில் இருக்கும். அவரைக் கோழை என்பீர்களா?

நீங்கள் போகும் ஏ.ஏ. எப்படித் தொடங்கியது என்பதையாவது எண்ணிப் பாருங்கள். 1935 மே மாதம், குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆன பில் வில்சன், வணிக முயற்சி ஒன்று தோற்றுப்போய், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு விடுதியின் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தன் உறுதியைச் சோதித்துப் பார்க்க மதுக்கூடத்துக்குள் போகவில்லை. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான், பின்னர் அவரோடு சேர்ந்து ஏ.ஏ.வைத் தொடங்கிய டாக்டர் பாப் கிடைத்தார். பதினைந்து நிமிடம் மட்டும் என்று வந்த பாப், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அதன்பிறகும் அவர் ஒருமுறை சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் அந்த ஆண்டு ஜூன் 10 என்கிறார்கள். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988 முதல் மீண்டுவரும் மாணவர்களுக்கென்றே தனித் தங்குமிடம் நடத்துகிறது. அங்கே யாரும் அந்த மாணவர்களைப் பழைய அறைக்கே போய் ஜெயித்துவிட்டு வரச் சொல்வதில்லை. நம் கல்லூரிகளில் அப்படியொன்றை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது என்பதால், அந்த ஏற்பாட்டை உங்கள் வீடே செய்து கொடுத்திருக்கிறது. அதைத்தான் நீங்கள் அவமானம் என்கிறீர்கள்.

டாஸ்மாக் நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வகுப்பு நான்கரைக்கு முடிகிறது என்றால், பசியும் களைப்பும் தனிமையும் ஒன்றுசேரும் அந்த ஐந்தரை மணி நேரத்துக்குத்தான் உங்களுக்குத் திட்டம் வேண்டும். கல்லூரி விட்டதும் வயிறாரச் சாப்பிடுங்கள். கூட்டம் உள்ள நாளில் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே செல்லுங்கள். மற்ற நாள்களில் அரியர் தாள்களை நூலகத்தில் உட்கார்ந்து படியுங்கள். சில மாதங்களுக்குத் தூக்கம் சரியாக இல்லாமலும், படித்தது மனத்தில் தங்காமலும் இருக்கலாம்; மூளை தேறிவரும் காலம் இது, உங்களுக்கு அறிவு மழுங்கிவிட்டதாக நினைத்து ஒடிந்துபோக வேண்டாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வகுப்பு முழுவதற்கும் சொல்லத் தேவையில்லை. உங்கள் வகுப்புப் பொறுப்பாசிரியரிடமும், பழகிப் பார்த்து நம்பிக்கை வந்த ஒரு மாணவரிடமும் சொல்லுங்கள். மற்றவர்கள் ட்ரீட்டுக்குக் கூப்பிட்டால், மருந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல. தேர்வுக் காலத்தைவிட அது முடியும் நாள்தான் உங்களுக்கு ஆபத்தானது. ஹால் டிக்கெட் கைக்கு வந்த அன்றே, கடைசித் தேர்வு முடியும் நேரத்துக்குக் கல்லூரி வாசலுக்கு வந்துவிடும்படி அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

அன்புடன்.