நொடிக்கு ஆயிரக்கணக்கில் ரிக்வெஸ்ட் வரும் சேவைக்கு எந்த ஏபிஐ கேட்வே எடுப்பது?

ஏபிஐ கேட்வே என்பது வெளியிலிருந்து வரும் ரிக்வெஸ்டை எல்லாம் வாங்கி, பின்னால் இருக்கும் சரியான சேவைக்கு (பேக்எண்டுக்கு) அனுப்பும் வாசல். கேள்வியில் சொல்லியிருப்பது இது: சராசரியாக நொடிக்கு 3,000 ரிக்வெஸ்ட், உச்ச நேரத்தில் 15,000 வரை போகும், பின்னால் இருபது சேவைகள், கோங், என்வாய், ஏடபிள்யூஎஸ் ஏபிஐ கேட்வே மூன்றில் எது வேகமானது, எதை எடுக்கலாம்?

வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோங் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மேல் கட்டியது, என்வாய் லிஃப்ட் நிறுவனத்தில் சி++ மொழியில் எழுதி 2016இல் வெளியிட்டது, இரண்டுமே ஈவென்ட் லூப் முறையில் ஓடுபவை, அதாவது ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட்டை (வேலை செய்யும் இழையை) கட்டிப்போடாமல் சில த்ரெட்களே எல்லாவற்றையும் மாறி மாறிக் கவனிக்கும். ப்ளக்இன்களை அள்ளிப் போடாதவரை உங்கள் 15,000 ரிக்வெஸ்டை இரண்டு மூன்று சுமாரான மெஷின்களே தாங்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் பெஞ்ச்மார்க்குகள் பெரும்பாலும் உடனே பதில் சொல்லும் ஒரு வெற்று சர்வரைப் பின்னால் நிறுத்தி எடுத்தவை, உங்கள் பேக்எண்ட் அப்படி இருக்கப் போவதில்லை. இருபதில் ஒரு சேவை மட்டும் மந்தமாகும்போது மற்ற பத்தொன்பதும் பிழைக்குமா? நீங்கள் பார்க்க வேண்டியது அதுதான்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு நேரத்தில் கேட்வே கையில் எத்தனை ரிக்வெஸ்ட் தங்கியிருக்கும் என்றால், நொடிக்கு வரும் எண்ணிக்கையை ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். லிட்டில் விதி என்பார்கள். 15,000 ரிக்வெஸ்ட், ஆளுக்கு 50 மில்லிசெகண்ட் என்றால் கையில் இருப்பது வெறும் 750. அந்த 15,000இல் ஐந்தில் ஒரு பங்கு போகும் ஒரே ஒரு சேவை டேட்டாபேஸ் லாக்கில் மாட்டிக்கொண்டு 10 நொடி எடுக்க ஆரம்பித்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் 30,000 ரிக்வெஸ்ட் குவிந்து நிற்கும். நெட்ஃப்ளிக்ஸ் 2013இல் வெளியிட்ட ஸூல் கேட்வேயின் முதல் வடிவம் ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு த்ரெட் என்று ஓடியது. டாம்கேட் என்ற ஜாவா சர்வர் இயல்பாகத் தருவது 200 த்ரெட். பின்னால் 2 நொடித் தாமதம் வந்தால் 200 த்ரெட்டால் நொடிக்கு 100 ரிக்வெஸ்ட்தான் முடிக்க முடியும், மீதி எல்லாம் வரிசையில். பிறகு ஸூலை நெட்டி என்ற ஈவென்ட் லூப் நூலகத்தின் மேல் வைத்து முழுக்க மாற்றி எழுதி 2018இல் ஸூல் 2 என்று வெளியிட்டார்கள்.

சரி, ஈவென்ட் லூப் இருந்தால் கவலை விட்டதா என்றால், இல்லை. த்ரெட் தீராது, ஆனால் மெமரியும் ஃபைல் டிஸ்கிரிப்டரும் (திறந்த இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தரும் எண்) தீரும், குவிந்த ரிக்வெஸ்ட் மொத்தமும் ஏற்கெனவே திணறும் சேவையின் தலையில் போய் விழும். அதனால் ஒவ்வொரு பேக்எண்டுக்கும் தனித்தனி உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு என்வாய் பிடித்ததற்குக் காரணமே இதுதான். அதில் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் (ஒரு பேக்எண்டின் மெஷின்கள் சேர்ந்த தொகுதி) கனெக்‌ஷன், காத்திருக்கும் ரிக்வெஸ்ட், நடப்பு ரிக்வெஸ்ட் மூன்றுக்கும் நீங்கள் எதுவும் எழுதாவிட்டாலும் 1,024 என்ற வரம்பு உண்டு. அது தாண்டினால் உடனே 503 (சேவை இப்போது கிடைக்காது என்ற பதில்), அக்சஸ் லாகில் யுஓ என்று ஒரு குறி. அந்தக் குறியைப் பார்த்ததும் பயந்துபோய் வரம்பை லட்சத்துக்கு ஏற்றி வைக்கிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அந்த 503தான் மற்ற சேவைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் சேவை உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று அளந்து அதற்கேற்ப வையுங்கள்.

அடுத்து டைம்அவுட். என்ஜின்எக்ஸிலும் கோங்கிலும் பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் 60 நொடி, என்வாயில் 15. கையில் போனை வைத்திருப்பவர் 60 நொடி காத்திருக்க மாட்டார், ஐந்தாவது நொடியில் மறுபடி தட்டுவார், பழைய ரிக்வெஸ்ட் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்போது புதிதாக ஒன்று சேரும். ஒவ்வொரு ரூட்டுக்கும் தனி டைம்அவுட் வையுங்கள். ரீட்ரையில், அதாவது தோற்ற ரிக்வெஸ்டை மறுபடி அனுப்புவதில், இன்னும் கவனம் வேண்டும்: கோங்கில் இயல்பான ரீட்ரை எண்ணிக்கை 5. மொபைல் ஆப் மூன்று முறை முயலும், கேட்வே மூன்று முறை, உள்ளே இருக்கும் சேவை மூன்று முறை என்று ஆளாளுக்கு வைத்தால் ஒரு தட்டு அடியில் இருக்கும் டேட்டாபேஸில் 27 தட்டாக விழும், அதுவும் அது ஏற்கெனவே திணறும் நேரத்தில். ரீட்ரை ஒரே ஒரு அடுக்கில் மட்டும் இருக்கட்டும். பணம் எடுக்கும் ரிக்வெஸ்டை, திரும்ப வந்தாலும் ஒருமுறைதான் செய்வேன் என்ற ஏற்பாடு பேக்எண்டில் இல்லாமல் ரீட்ரை பட்டியலில் சேர்க்கவே கூடாது.

நான் நேரில் பார்த்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பல டீம்கள் கேட்வே மெதுவாக இருக்கிறது என்று தப்பாகப் புரிந்துகொள்கின்றன. சிபியு பாதிகூட இல்லை, மெமரி தாராளம், ஆனால் உச்ச நேரத்தில் 502 (பேக்எண்டிடம் சரியான பதில் வாங்க முடியவில்லை என்ற எரர்) கொட்டுகிறது. என்ஜின்எக்ஸ் எரர் லாகைத் திறந்தால் வரிசையாக ஒரே வரி: "99: கேனாட் அஸைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்", கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை என்று. லினக்ஸ் வெளியே போகும் கனெக்‌ஷனுக்கு இயல்பாக ஒதுக்கும் போர்ட்கள் 32768 முதல் 60999 வரை, சுமார் 28,000. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் பேக்எண்டுக்குப் புதுக் கனெக்‌ஷன் திறந்து மூடினால், மூடிய போர்ட் டைம்-வெயிட் நிலையில் 60 நொடி சும்மா கிடக்கும். 28,000ஐ 60ஆல் வகுங்கள், ஒரு பேக்எண்ட் முகவரிக்கு நொடிக்கு 470 கனெக்‌ஷன்தான், அதற்கு மேல் போர்ட்டே கிடையாது. நொடிக்கு 470! என்ஜின்எக்ஸ் நெடுங்காலமாக பேக்எண்டோடு எச்டிடிபி 1.0இல் பேசிக் கனெக்‌ஷனை மூடிவிடுவதையே இயல்பாக வைத்திருந்தது. 1.1க்கு மாற்றி, கனெக்‌ஷன் ஹெடரைக் காலியாக்கி, பேக்எண்டுகளைப் பட்டியலிடும் அப்ஸ்ட்ரீம் பகுதியில், இணைப்பை மூடாமல் வைத்திருக்கும் கீப்அலைவ் வரியைச் சேர்த்ததும் அந்த எரர் நின்றுபோனது, லேட்டன்சியும் (பதில் வரும் தாமதம்) இறங்கியது. கேட்வேயை மாற்றலாமா என்று பேச்சு எழுந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ரேட் லிமிட்டில், அதாவது ஒருவர் எத்தனை ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்ற வரம்பில், ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எண்ணிக்கையை ஒவ்வொரு கேட்வே மெஷினும் தனக்குள் வைத்துக்கொண்டால் வேகம், ஆனால் மொத்தக் கணக்கு துல்லியமாக இருக்காது. எல்லா மெஷினும் பகிரும் ரெடிஸ் டேட்டாபேஸில் வைத்தால் துல்லியம், ஆனால் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் கூடுதலாக ஒரு போய்வரல், ரெடிஸ் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி வேறு. தவறான பயன்பாட்டைத் தடுக்கத்தான் லிமிட் என்றால் உள்ளூர் எண்ணிக்கையே போதும் என்பது என் கருத்து. பணம் வாங்கி ஒதுக்கீடு விற்கிறீர்கள் என்றால் மட்டும் ரெடிஸ். இன்னொன்று, நிமிடத்துக்கு 100 என்று மொட்டையாக எண்ணும் முறையில் 59ஆவது நொடியில் 100, அடுத்த நொடியில் இன்னொரு 100 என்று இரட்டிப்பாக உள்ளே வந்துவிடலாம். காலை 10 மணிக்கு தத்கல் திறக்கும் நொடி மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் வரும் சேவையாக இருந்தால் டோக்கன் பக்கெட் முறைக்கு (சீரான வேகத்தில் நிரம்பும் டோக்கனில் ஒன்றை எடுத்தால்தான் ரிக்வெஸ்ட் உள்ளே போகும்) போங்கள், 429 (அளவுக்கு மீறிய ரிக்வெஸ்ட் என்ற பதில்) அனுப்பும்போது எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதையும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் சொல்லுங்கள், அந்த நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாகச் சிதறடித்துக் கொடுங்கள்.

அமேசான் கிளவுட் தரும் ஏடபிள்யூஎஸ் ஏபிஐ கேட்வே நல்ல சேவைதான், ஆனால் உங்கள் அளவுக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். நொடிக்குச் சராசரி 3,000 என்றால் 30 நாளில் 777 கோடி ரிக்வெஸ்ட். அவர்களின் எச்டிடிபி ஏபிஐ வகைக்கு அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் பட்டியல் விலையில் (10 லட்சத்துக்கு 1 டாலர், 30 கோடி தாண்டினால் 90 சென்ட்) மாதம் சுமார் 7,000 டாலர், ரெஸ்ட் ஏபிஐ வகை என்றால் 19,000 டாலருக்கு மேல். அதோடு ஒரு அக்கவுண்டுக்கு ஒரு ரீஜனில் இயல்பான வரம்பு நொடிக்கு 10,000, உங்கள் உச்சத்துக்கு முன்கூட்டியே கேட்டு ஏற்றி வைக்க வேண்டும். போக்குவரத்து குறைவாக, எப்போதாவது மட்டும் ஏறுகிற சேவைக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை, கேட்வேயைப் பார்த்துக்கொள்ள ஆளே வேண்டாம். உங்கள் நிலை அது இல்லை.

நானாக இருந்தால், குபர்னடீஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் தளம்) ஓடும் சேவை, ரூட் அடிக்கடி மாறும் என்றால் என்வாய் அடிப்படையிலான ஒன்றை எடுத்து 2023இல் 1.0 ஆன குபர்னடீஸ் கேட்வே ஏபிஐ வழியாக அமைப்பேன், ஏனென்றால் என்வாய் மாற்றங்களை ரீலோட் இல்லாமலே வாங்கிக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆனால் புது வொர்க்கர்கள் (வேலை செய்யும் ப்ராசஸ்கள்) வந்த பிறகும் வெப்சாக்கெட் என்ற நீண்ட நேர இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய வொர்க்கர்கள் மெமரியோடு அப்படியே நிற்கும். வெளியாட்களுக்குக் கீ கொடுத்து ஏபிஐ விற்பது, ப்ளக்இன் நிறையத் தேவை என்றால் கோங், டேட்டாபேஸ் இல்லாத முறையில், கான்ஃபிக் முழுக்க கிட் என்ற கோட் பதிப்புக் காப்பகத்தில். எதை எடுத்தாலும் ஜேடபிள்யூடி (பயனர் யாரென்று சொல்லும், கையெழுத்திட்ட டோக்கன்) கையெழுத்தை கேட்வேயிலேயே சரிபாருங்கள், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஆத் சேவையைக் கூப்பிட்டால் அதுவே எல்லாவற்றுக்கும் இடறலாகும். அப்புறம் பிசினஸ் லாஜிக்கை அங்கே நுழைய விடாதீர்கள்.

முடிவு செய்வதற்கு முன் கோங், என்வாய் இரண்டையும் போட்டு ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு போலி பேக்எண்ட், ஒன்று 20 மில்லிசெகண்டில் பதில் தருவது, மற்றது பாதிச் சோதனையில் 10 நொடிக்கு மாறுவது. லோடை நிலையான வேகத்தில் அனுப்பும் டபிள்யூஆர்கே2 மாதிரிக் கருவியால் அடியுங்கள், பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் கருவி தாமதத்தை மறைத்துவிடும். வேகமான பேக்எண்டின் பி99 (நூற்றில் 99 ரிக்வெஸ்ட் அதற்குள் முடியும் நேரம்) அந்தப் பாதிக்குப் பிறகும் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பு, டைம்அவுட் எல்லாம் வைத்த பிறகும் அசைகிறது என்றால் அந்தக் கேட்வே உங்களுக்கு வேண்டாம்.