கஞ்சா தரும் அமைதி மருந்தாகுமா?

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 27. எனக்கு ஆட்டிசம் இருப்பது மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் உறுதியானது. அலுவலகத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் பேசுவதும், விளக்கின் ரீங்காரமும் மாலைக்குள் என்னைப் பிழிந்துவிடுகின்றன. நண்பர் ஒருவர் பழக்கிய கஞ்சாவைப் புகைத்தால் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கி, தூக்கமும் வருகிறது. முதலில் வார இறுதியில் மட்டும் புகைத்தேன். இப்போது தினமும் புகைக்கிறேன். புகைக்காத நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் முன்பைவிட மோசமாக இருக்கின்றன. பதற்றத்துக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறேன். அதை எழுதித் தந்த மருத்துவரிடம் கஞ்சாவைப் பற்றிச் சொல்லவில்லை. ஆட்டிசத்துக்கு இது நல்லது என்று படித்திருக்கிறேன். மருந்தாகவே கருதித் தொடரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்களுக்குக் கிடைக்கும் நிம்மதி கற்பனை அல்ல. அதை ஒப்புக்கொள்ளாமல் கண்டிக்கத் தொடங்குகிற எவரிடமும் நீங்கள் மறுமுறை உண்மையைச் சொல்லப்போவதில்லை. இந்த வழியில் நீங்கள் தனியாகவும் இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பொதுவாக மற்றவர்களைவிடக் குறைவாகவே போதைப்பொருள்களை நாடுகிறார்கள் என்று கண்டது; ஆனால் தங்கள் தொந்தரவுகளைச் சமாளிப்பதற்காகவே அவற்றைப் பயன்படுத்துவதாகக் கூறுவது அவர்களிடம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தது.

ஆனால், கஞ்சா எதைத் தணிக்கிறது? ஆட்டிசத்தை அல்ல. ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. அமெரிக்காவில் 2006இல் ரிஸ்பெரிடோனும் 2009இல் அரிபிப்ரசோலும் அனுமதி பெற்றதுகூட, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கடும் எரிச்சலுக்காக மட்டுமே. உங்கள் கடிதத்தில் நான் காண்பவை மூன்று தனித்தனிச் சிக்கல்கள்: ஒலியும் ஒளியும் தாங்காத புலன்கள், பதற்றம், தூக்கமின்மை. மூன்றையும் ஒரே புகையால் மூடிவிடுவதால், எதற்கு எது தேவை என்று கண்டறியும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

மூளை தானாகவே சுரக்கும் ஆனந்தமைடு என்ற பொருள் 1992இல் கண்டறியப்பட்டது. வடமொழி 'ஆனந்த'த்தைத்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயராக வைத்தார்கள். மூளைச் செல்களில் அது பற்றிக்கொள்ளும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அதே ஏற்பிகளைத்தான் கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஹெச்சியும் பற்றுகிறது. குறைந்த அளவில் பதற்றத்தைக் குறைக்கும் டிஹெச்சி, அளவு கூடினால் அதே பதற்றத்தைக் கிளப்பிவிடக்கூடும். தினமும் புகைத்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போவதும், நிறுத்திய நாளில் உடல் முரண்டு பிடிப்பதும் அதனால்தான்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி, புகைக்காத நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் முன்பைவிட மோசம் என்பது. எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, விநோதமான கனவுகள், பசியின்மை ஆகியவை கஞ்சாவை நிறுத்தும்போது தோன்றும் விலகல் அறிகுறிகள் என்று மனநல மருத்துவம் வரையறுத்துள்ளது. அவை உங்கள் பழைய தொந்தரவுகளை அப்படியே ஒத்திருப்பதால், 'பார்த்தீர்களா, இது இல்லாமல் என்னால் முடியாது' என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. உண்மையில் நேற்றைய புகை உண்டாக்கிய குறையை இன்றைய புகை தீர்த்துவைத்திருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குத் தங்களுக்குள் எழும் உணர்வு பசியா, களைப்பா, பயமா, கோபமா என்று பிரித்தறிவதே கடினம் என்பதால், இந்தக் குழப்பம் மற்றவர்களைவிட உங்களுக்கு எளிதில் நேரும்.

சைக்கோசிஸ் எனப்படும் மனப்பிறழ்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிஹெச்சி மிகுந்த கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துவோருக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது. குடும்பத்தில் யாருக்கேனும் மனச்சிதைவு நோய் இருந்திருந்தால், உங்கள் கேள்விக்கு என் பதில் தயக்கமின்றி 'வேண்டாம்' என்பதே. எஸ்சிடலோபிராமைப் பொறுத்தவரை, கஞ்சாவிலுள்ள சிபிடி என்ற மற்றொரு பொருள் கல்லீரல் நொதிகள் சிலவற்றைத் தடுத்து, அம்மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடும். நீங்கள் வாங்கும் பொட்டலத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

ஆகவே மருந்தாகக் கருதித் தொடர வேண்டாம். ஆனால் அதைக் குற்ற உணர்ச்சியோடு ஒரே இரவில் தூக்கி எறியவும் வேண்டாம். முதல் இரண்டு வாரங்கள் எதையும் மாற்றாமல் ஒரு குறிப்பேடு வையுங்கள். புகைப்பதற்கு முன் அன்று எது தாக்கியது (ஒலியா, மனிதர்களா, திட்டம் மாறியதா), தாடை இறுகியிருந்ததா, எவ்வளவு புகைத்தீர்கள், மறுநாள் காலை எப்படி விடிந்தது என்பவற்றை எழுதுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் தேடித் தடுமாற வேண்டாம். பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் போதும். அந்தக் குறிப்பேட்டுடன் உங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் எழுதியே கொடுத்துவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும், நோயாளி சொன்னதை மறைவாகக் காப்பது பொதுவாக மருத்துவரின் கடமைதான்; சில நாடுகளில் இதற்கு விதிவிலக்கு உண்டு என்பதால், உங்கள் நாட்டு விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அவருடைய வழிகாட்டுதலில் அளவைப் படிப்படியாகக் குறைப்பது எளிது. விலகல் அறிகுறிகள் பொதுவாக முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, இரண்டு மூன்று வாரங்களில் தணியும்; தூக்கம் மட்டும் சரியாகச் சற்றுக் கூடுதல் காலம் ஆகலாம். அதே வேளையில் ஒலிக்குக் காதடைப்பானும் சத்தம் குறைக்கும் ஹெட்போனும், அலுவலகத்தில் விளக்கையோ இருக்கையையோ மாற்றித் தரச் சொல்லும் வேண்டுகோளும், தூக்கத்துக்கு மருத்துவர் பரிந்துரைத்தால் மெலடோனினும், பதற்றத்துக்கு ஆட்டிசத்தை அறிந்தவர் நடத்தும் நடத்தைச் சிகிச்சையும் தொடங்கட்டும். இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. தினமும் அதே நேரத்தில், அதே நாற்காலியில், யாரும் பேசாத அரைமணி நேரம் உங்களுக்கு வாய்க்கிறதல்லவா? அந்த நிம்மதியில் கணிசமான பங்கு அந்த அரைமணி நேரத்துக்கே உரியது என்பது என் எண்ணம். புகையை விடும்போது அதையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம் உள்ளது, வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுத்து வருகிறோம். இணையத்தில் விற்கும் சிபிடி எண்ணெய் போதை தராது என்கிறார்கள். சில சொட்டுகள் கொடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்?
– ஒரு தாய்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. சிபிடியும் வால்ப்ரோயேட்டும் சேரும்போது கல்லீரல் நொதிகள் உயர்வது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. இரத்தப் பரிசோதனையின்றி வீட்டில் செய்து பார்க்கக்கூடிய காரியம் அல்ல இது. தூய்மைப்படுத்தப்பட்ட சிபிடி மருந்தொன்றுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி அளித்தது உண்மைதான். ஆனால் அது சில அரிய வகை வலிப்பு நோய்களுக்காக. ஆட்டிசத்துக்காக இஸ்ரேலில் 5 முதல் 21 வயது வரையிலான 150 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், சிபிடி மிகுந்த முழுச்செடிச் சாறு பெற்றவர்களில் 49 சதவீதத்தினரின் கட்டுக்கடங்காத நடத்தை நன்கு குறைந்தது. வெறும் மருந்துப்போலி பெற்றவர்களிலும் 21 சதவீதத்தினருக்கு அவ்வாறே குறைந்தது. ஆனால் பெற்றோர் நிரப்பிய நடத்தை அளவுகோலில் இரு தரப்புக்கும் வேறுபாடே தெரியவில்லை. அங்கே கொடுத்தது அளந்து தயாரித்த மருந்து. இணையத்தில் வாங்கியவற்றின் கதை வேறு: அமெரிக்காவில் 2017இல் 84 சிபிடி பொருள்களைச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குகூடச் சீட்டில் எழுதியிருந்த அளவுக்குப் பொருந்தவில்லை, 18 பொருள்களில் போதை தரும் டிஹெச்சியே இருந்தது. வலிப்பு கட்டுக்குள் இல்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் இந்தக் கேள்வியையே கேளுங்கள்.

கேள்வி: புகைப்பதற்குப் பதில் தின்பண்டத்தில் கலந்த கஞ்சா பாதுகாப்பானதா?
– ஒரு வாசகர்

பதில்: நுரையீரல் தப்பும், அவ்வளவுதான். வேலை செய்யத் தொடங்கவே அரைமணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், 'ஒன்றும் ஆகவில்லையே' என்று மேலும் தின்றுவிட்டுக் கடும் பீதியுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் மிட்டாய் என்று நினைத்து அவர்கள் எடுத்துத் தின்னும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.