கேமராவில் பதிவானதைத் தேடி எடுத்து வைப்பது எப்படி?

கேள்வி: இரவு வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர் காலையில் சாய்ந்து கிடந்தது, பக்கவாட்டில் நசுங்கியும் இருந்தது. யாரோ இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டில் நான்கு கேமராவும், 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் உள்ள டிவிஆரும் (கேமரா காட்சிகளைப் பதிந்து வைக்கும் பெட்டி) இருக்கின்றன. நேரடிக் காட்சியை செல்போனில் பார்த்துத்தான் பழக்கம், பழையதைத் தேடியதே இல்லை. மூன்று நாள் ஆகிவிட்டது. இப்போது எடுக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் இன்றைக்கே உட்காருங்கள். டிஸ்க் நிரம்பியதும் டிவிஆர் நிற்காது, மிகப் பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளுக்கு 21.6 ஜிபி ஆகும். நான்குக்கும் சேர்த்து 86 ஜிபிக்கு மேல். அப்படியென்றால் 1 டெராபைட்டில் 11 நாள்தான் நிற்கும். வேகத்தை 4 மெகாபிட் என்று வைத்திருந்தால் ஆறு நாள்கூட முழுதாகத் தாங்காது. இன்று நேரமே இல்லை என்றால், மெனு வழியாக டிவிஆரை முறையாக அணைத்துவிடுங்கள். பதிவு நின்றால் அழிப்பும் நிற்கும். வீட்டுக்குக் காவல் இல்லாமல் போகுமே என்று தோன்றும், ஆனால் அந்தக் காட்சி அழிந்தால் திரும்ப வராது.

தேடத் தொடங்குமுன் டிவிஆர் காட்டும் நேரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கருவி 40 நிமிடம் பின்தங்கியிருந்தது தெரியாமல், ஒரு சாயங்காலம் முழுக்கத் தவறான நேரத்தில் தேடினேன். வித்தியாசம் இருந்தால் இரண்டு நேரமும் ஒரே படத்தில் தெரியும்படி செல்போனில் எடுத்து வையுங்கள். கடிகாரத்தை இப்போது திருத்த வேண்டாம், காட்சியை எடுத்த பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இனி மெனுவில் பிளேபேக் போய், வாசல் கேமரா ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தத் தேதியைச் சொடுக்குங்கள். கீழே ஓடும் நேரக்கோட்டில் அசைவு பதிவான இடங்கள் பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். அவற்றை முதலில் பாருங்கள், ஆனால் அவற்றையே நம்பியிருக்காதீர்கள். இருட்டில் அசைவு சில சமயம் பிடிபடாது, எதிரே ஆடும் மரக்கிளை இரவெல்லாம் நிறம் பூசி வைத்திருக்கும்.

இதைவிட வேகமான வழி ஒன்று உண்டு. இரவு 10 மணிக்கு ஸ்கூட்டர் நிற்கிறது, காலை 6 மணிக்குச் சாய்ந்து கிடக்கிறது. நேராக நடுவில், 2 மணிக்குத் தாவுங்கள். அப்போதும் நிற்கிறது என்றால் நடந்தது 2 மணிக்குப் பிறகு. அடுத்து 4 மணி. இப்படி ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், எட்டு மணி நேரக் காட்சி ஒன்பது தாவலில் ஒரு நிமிடத்துக்குள் வந்து நிற்கும். காணாமல்போன பொருள், திறந்து கிடந்த கேட் என்று ஒரு மாற்றம் அப்படியே நிலைத்திருக்கும் எதற்கும் இது பொருந்தும்.

சரி, கிடைத்துவிட்டது. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: டிவி திரையைச் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். திரையைப் படம் பிடித்தால் கோடுகள் ஓடும், வண்டி எண் கலங்கிப்போகும், இது மாற்றப்படாத பதிவு என்று காட்டவும் வழியிருக்காது. டிவிஆரில் பென் டிரைவைச் செருகி, பேக்கப் அல்லது எக்ஸ்போர்ட் வழியாக எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம் சேர்த்து, நான்கு கேமராவிலிருந்தும் எடுக்க வேண்டும். இடித்த வண்டி எந்தப் பக்கம் திரும்பிப் போனது என்பது வேறொரு கேமராவில் இருக்கலாம். கருவியின் சொந்தக் கோப்பு வடிவமா, பொதுவான எம்பி4 வடிவமா என்று டிவிஆர் கேட்டால் இரண்டிலும் எடுங்கள்.

பென் டிரைவை டிவிஆர் கண்டுகொள்ளவில்லை என்றால், அதில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கணினியில் ஃபாட்32 முறையில் ஃபார்மேட் செய்து பாருங்கள். அந்த முறையில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஆகவே நீண்ட காட்சியைத் துண்டு துண்டாக எடுங்கள். எடுத்ததும் கணினியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இன்னோர் இடத்திலும் ஒரு நகல் இருக்கட்டும். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில் மட்டும். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: செல்போன் செயலியிலேயே பழைய காட்சியைப் பார்த்து இறக்கிக்கொள்ளலாமே? பென் டிரைவ் எதற்கு?

பதில்: அவசரத்துக்குச் செய்யுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். பெரும்பாலான கருவிகள் ஒவ்வொரு கேமராவிலிருந்தும் இரண்டு ஓட்டம் வைத்திருக்கும், ஒன்று முழுத் தெளிவு, மற்றது இணையத்தில் வேகமாக வருவதற்கான சிறிய படம். செயலி பல நேரம் சிறியதைத்தான் காட்டும். அதில் முகமோ எண் பலகையோ தெரியவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள், டிஸ்க்கில் உள்ள முழுத் தெளிவுப் பதிவில் தெரியலாம்.

கேள்வி: எடுத்த கோப்பு கணினியில் திறக்கவில்லை. பெயரின் கடைசியில் டிஏவி என்று இருக்கிறது. எம்பி4 என்று மாற்றினேன், அப்போதும் ஓடவில்லை.

பதில்: பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது, பழைய பெயரையே திரும்பக் கொடுங்கள். பேக்கப் எடுக்கும்போது பல டிவிஆர்கள் அந்தப் பென் டிரைவிலேயே தங்கள் பிளேயரையும் சேர்த்து வைக்கும், அதில் திறந்து பாருங்கள். இல்லையென்றால் கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். எம்பி4 கோப்பே ஓடவில்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் அது எச்.265 முறையில் சுருக்கப்பட்டதாக இருக்கலாம். விஎல்சி போன்ற பிளேயரில் ஓடும்.

கேள்வி: டிவிஆர் பழுதாகிவிட்டது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் காட்சிகள் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. டிவிஆர்கள் பலவும் தங்களுக்கென்று ஒரு முறையில் எழுதுகின்றன, விண்டோஸுக்கு அது புரியாமல் “ஃபார்மேட் செய்யட்டுமா” என்று கேட்கும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அதே நிறுவனத்தின் அதே மாடல் கருவி கிடைத்தால் அதில் மாட்டிப் பார்க்கலாம், அங்கும் ஃபார்மேட் கேட்டால் உடனே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கப் போகிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நேரடிக் காட்சியின் தெளிவை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள், நேற்றைய காட்சி ஒன்றைத் தேடிப் பென் டிரைவில் எடுத்துக் கணினியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கே விற்பவர் திணறினால் அந்தக் கருவி வேண்டாம். டிஸ்க், இரவு பகலாக எழுதுவதற்கென்றே செய்த கண்காணிப்பு வகையாக இருக்கட்டும். கடிகாரம் இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்துகொள்கிறதா என்று கேளுங்கள். அட்மின் கடவுச்சொல்லை மாட்ட வந்தவர் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள், அவர் முன்னாலேயே நீங்கள் மாற்றி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த அன்று கடவுச்சொல் தெரியாமல் பூட்டிய பெட்டியைப் பார்த்தபடி நிற்கும் குடும்பங்கள் எனக்கு நிறைய எழுதுகின்றன.

டிவிஆர் இல்லாமல் மெமரி கார்டில் மட்டும் பதியும் கேமரா என்றால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர் காட்சியையும் கொண்டுபோய்விடுவார். கை எட்டும் உயரத்தில் அதை மாட்ட வேண்டாம்.