200 மீட்டர் கட்டத்தில் 2 ஹெர்ட்ஸ் கிடைக்காது

நிலநடுக்க அலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் உங்கள் மாதிரியில், பெரிய அலை கடந்த பிறகும் பதிவில் சின்னச் சின்ன நெளிவுகள் வால்போல் தொடர்கின்றன, நிரலில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரலைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். கட்டம்தான், அதாவது கணக்கிடும் புள்ளிகளுக்கு இடையிலான தூரம்தான், பெரிது.

உங்கள் மாதிரியில் குறுக்கலையின் (நிலத்தைப் பக்கவாட்டில் குலுக்கும் அலை) மிகக் குறைந்த வேகம் நொடிக்கு 500 மீட்டர். 2 ஹெர்ட்ஸில் அலைநீளம் வெறும் 250 மீட்டர். அதை 200 மீட்டர் கட்டத்தில் பிடிக்கப் பார்ப்பது, அகலக் கண்ணி வலையில் நெத்திலி பிடிக்கிற மாதிரி. நான்காம் படி முறையில் (கணக்கின் துல்லிய வரிசை நான்கு) ஓர் அலைநீளத்துக்கு 5 புள்ளியாவது வேண்டும், அதாவது 50 மீட்டர் கட்டம். இப்போதுள்ள கட்டத்தில் 0.5 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம்.

சரி, 50 ஆக்கிவிடலாம் என்று உடனே இறங்காதீர்கள். புள்ளிகள் 64 மடங்காகும். ஒவ்வொரு கணக்குக்கும் இடையிலான நேர இடைவெளியும் கால்வாசியாகச் சுருங்குவதால் கணக்கு 256 மடங்கு. 2010இல் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் 8 அளவு நிலநடுக்கத்தை இதே 2 ஹெர்ட்ஸ் வரை ஓட்டினார்கள். 40 மீட்டர் கட்டம், 43,600 கோடி புள்ளிகள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்து ஜாகுவார் மீக்கணினியில் 2.23 லட்சம் கோர்கள் (செயலிக் கருக்கள்) ஒரு நாள் முழுக்க உழைத்துக் கொடுத்தது ஆறே நிமிட நடுக்கம்!

முதலில் மூலத்தில் (நடுக்கத்தைத் தொடங்கும் உள்ளீடு) 0.5 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டி நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், நெளிவு போய்விடும். அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் புள்ளியியல் முறையில் உருவாக்கி ஒட்டுவதுதான் வழக்கம்.

அப்புறம், வேகத்தின் கீழ் வரம்பை 1000க்கு உயர்த்தித் தப்பிக்கலாம் என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் குலுக்கலைப் பெருக்குவதே படுகையின் (வண்டல் நிரம்பிய பள்ளம்) மென்மண்தான், அங்கேதான் வேகம் குறைவு. அதையே வெட்டினால் வரைபடம் அழகாக வரும், அதிர்வு குறைவாகக் காட்டும்.