மியூட் செய்து வைத்த டிராக்

அன்புள்ள மேடம்,

எனக்கு 28 வயது. கோவையில் ஐ.டி. வேலை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆறு வருடமாக ஒரு பேண்ட் நடத்துகிறோம். கல்லூரி விழா, கஃபே என்று வாசித்து வாசித்து, இப்போதுதான் எட்டுப் பாட்டோடு முதல் ஆல்பம். நான் கிடார். எடிட்டிங், மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்ப்பது) எல்லாமும் என் தலையில்தான்.

டிரம்ஸுக்கு மட்டும் இரண்டு நாள் ஸ்டுடியோ எடுத்தோம். மணிக்கணக்கு வாடகை. முதல் நாளே டிரம்மர் ஒன்றரை மணி நேரம் லேட். ஸ்னேர் டிரம்மில் பழைய தோல். அங்கே வந்துதான் மாற்றினான். டியூன் செய்து, எட்டு மைக்கையும் நிறுத்தி லெவல் பார்ப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. பாடகிக்கு எந்த மிக்ஸ் அனுப்பினாலும் ஒரே பதில்: "என் குரல் உள்ளே போயிடுச்சு." அரை டெசிபல் ஏற்றினால் உடனே டிரம்மருக்கு ஸ்னேர் கேட்காது. பஸ்ஸில் போகும்போது போன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்கிறார்கள். மற்றவர்கள் பாட்டைவிட நம் பாட்டு சத்தம் கம்மியாம், அது வேறு.

பேஸ் கிடார் வாசிப்பவன் என் பள்ளித் தோழன். குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எதிலும் ஒட்டுதலே இல்லை. எதை அனுப்பினாலும் ஒரு தம்ஸ்-அப், அவ்வளவுதான். ரெக்கார்டிங்குக்கான இன்டர்ஃபேஸ் கருவி வாங்க முதலில் பணம் போட்டவன் அவன்தான், மறுக்கவில்லை. ஜனவரியில் மூன்றே வாரத்தில் மொத்த ஆல்பத்துக்கும் அடுத்தடுத்து எட்டு மிக்ஸ் முடித்தேன். ஒன்பதாவது மிக்ஸின்போது மூன்றாவது பாட்டில் பேஸ் கிக் டிரம்மோடு ஒட்டாமல் பின்னால் இழுத்ததால், இரவோடு இரவாகக் கீபோர்டில் நானே வாசித்து வைத்துவிட்டேன். அவன் வாசித்த டேக்கை அழிக்கவில்லை, மியூட் செய்து, 'பழசு' என்று பெயர் போட்டு செஷன் ஃபைலின் அடியில் இழுத்து வைத்திருக்கிறேன், அவன் இன்னும் கவனிக்கவில்லை, அது கிடக்கட்டும். டிரம்மர் லேட்டாக வந்ததற்கு இன்று வரை ஒரு சாரி கூடச் சொல்லவில்லை.

இப்போது ஜூன். 17-வது மிக்ஸில் நிற்கிறேன். மார்ச் என்றோம், மே என்றோம், இப்போது தேதியே இல்லை. "நீதான் இழுத்தடிக்கிறே" என்கிறார்கள். இரவு இரண்டு மணி வரை உட்காருகிறேன், படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. இவ்வளவு செய்தும் ஒரு நன்றி கிடையாது. பேண்டை விட்டு விலகி, என் பாட்டுகளைத் தனியாக வெளியிட்டுவிடலாமா?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

டிரம்மர் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம். புதுத் தோல் முதலில் கொஞ்ச நேரம் இழுபட்டுச் சுருதி இறங்கும். ரெக்கார்டிங்குக்கு முந்தின நாளே மாற்றியிருக்க வேண்டும். சத்தம் பற்றிய சண்டை தேவையே இல்லாதது. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் சுமார் -14 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகிறது. அதற்கு மேல் அடித்து ஏற்றினாலும் அங்கே இறக்கிவிடுவார்கள்.

இவற்றுக்காக யாரும் ஐந்து மாதம் தூக்கம் கெடமாட்டார்கள். "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்ட இடத்துக்கு வருகிறேன்.

எட்டு மிக்ஸ் மூன்று வாரத்தில் முடிந்திருக்கிறது. அடுத்த ஒன்பதுக்கு நான்கு மாதத்துக்கு மேல். நடுவில் உங்கள் காது மாறிவிடவில்லை, அந்த ஒரு இரவுதான் வந்திருக்கிறது. ஆல்பம் வெளியானால் உங்கள் தோழர் அதை ஒருநாள் நல்ல ஹெட்போனில் கேட்பார். வெளியாகாத வரை அந்த நாள் வராது. உங்கள் மிக்ஸ் முடியாததற்குப் பாடகியின் அரை டெசிபலைக் காரணமாகச் சொல்வது கொஞ்சம் அநியாயம்.

பேஸ் பின்னால் இழுத்தது என்கிறீர்கள். எவ்வளவு? நிமிடத்துக்கு 90 பீட் பாட்டில் ஒரு பீட்டின் கால் பங்கு 167 மில்லிசெகண்ட். அதில் 20 மில்லிசெகண்ட் தாமதமாக விழுவதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள். சாய்ந்து வாசிப்பது என்பார்கள், அதற்காகவே சிலரைத் தேடிப் போவார்கள். 70 தாண்டினால் இடறும்தான். இடறிய நோட்டை மட்டும் வெட்டி முன்னால் நகர்த்தலாம். இல்லை, அவரைக் கூப்பிட்டு அந்த நான்கு பாரை (தாளச் சுற்றை) மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லலாம். அரை மணி நேர வேலை. ஒரு போன் செய்வதைத் தவிர்க்கத்தான் நீங்கள் ஒரு இரவு முழுக்கக் கண்விழித்திருக்கிறீர்கள்.

ஏன் அழைக்கவில்லை? அவருக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாவது மிக்ஸும் ஏறக்குறைய அதே சமயம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? பள்ளி நாளிலிருந்து கூடவே இருந்தவரின் நேரம் திடீரென்று வேறொருவர் கைக்குப் போய்விட்டது. "நீ இல்லாமலே முடியும்" என்று வாயால் சொல்ல மனம் வராமல், வாசித்துக் காட்டிவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு ஒவ்வொரு மிக்ஸாக அனுப்பி, அவர் கண்டுபிடிப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் தம்ஸ்-அப். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியும், இதைக்கூடக் கவனிக்கவில்லையே என்ற வலியும் சேர்ந்து வந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு கேட்பவருக்குக் கீபோர்டு பேஸும் கம்பி பேஸும் ஒன்றாகத்தான் கேட்கும். அது அலட்சியம் இல்லை.

நீங்கள் செய்தது சரி என்று நம்பியிருந்தால் அந்த டேக்கை அழித்திருப்பீர்கள், இல்லையென்றால் அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள். அடியில் இழுத்து மறைத்தீர்கள். அந்த மட்டும் உங்களுக்குள் இன்னும் நேர்மை இருக்கிறது. ஆனால் கிரெடிட்டில் 'பேஸ்' என்று அவர் பெயரைப் போட்டு, அவர் வாசிக்காததை வெளியிட்டால் அது பொய். பெயரை எடுத்துவிட்டால் பொது இடத்தில் அவமானம். தன் வாசிப்புக்குத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும், அதைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமே வாசிப்பவருக்குத் தருகிறது. விலகிப் போவதும் தீர்வல்ல. 'என் பாட்டுகள்' என்கிறீர்களே, எட்டிலும் அவர் கை இருக்கிறது.

மூன்றாவது பாட்டை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளுங்கள், அவர் பேஸோடு ஒன்று, உங்களுடையதோடு ஒன்று. இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும், அந்தத் தந்திரம் வேண்டாம். பாட்டைப் போடுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கேட்க வைத்துவிட்டுச் சொன்னால் அது பரீட்சை ஆகிவிடும், ஐந்து மாதமாக வைத்த பரீட்சை போதும். அவர் கோபப்பட்டால் படட்டும், நடுவில் கிக், மில்லிசெகண்ட் என்று விளக்கம் பேச வேண்டாம். எந்த பேஸ் போக வேண்டும், திரும்ப வாசிப்பதா என்பதை அவர் சொல்லட்டும்.

வெளியீட்டுத் தேதி அதற்குப் பிறகு. நான்கு வாரமாவது முன்னதாக ஆல்பத்தை ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு ஒரு பாட்டைத்தான் பரிந்துரைக்க முடியும், அதுவும் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு. எந்தப் பாட்டு என்று நால்வரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

தோழரிடம் வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். வீட்டுக்கே போங்கள். குழந்தை தூங்கும் நேரம் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.