புது பேட்டரி போட்டும் கரண்ட் போகிறதே, ஏன்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றுகிறேன். ஆறு வருடப் பழைய டீசல் பிக்கப், நானேதான் ஓட்டுகிறேன். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. செல்ஃப் அடித்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அத்தனையும் அணைந்துவிடுகிறது. ஹாரன்கூட வருவதில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிறது. போன மாதம் புது பேட்டரி போட்டேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. இப்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார் எலெக்ட்ரீஷியன். மாற்றலாமா? தேவையில்லாமல் பேட்டரியை என் தலையில் கட்டியிருந்தால் கேட்க வழி உண்டா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், ஆல்டர்னேட்டருக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகுதான் அதற்கு வேலையே. அது கெட்டுப்போனால் ஓடும்போதே பேட்டரி விளக்கு எரியும், ஹெட்லைட் மங்கும், பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். உங்கள் வண்டியிலோ எல்லாம் சட்டென்று போய், தானாகத் திரும்பி வருகிறது. எங்கோ ஒரு இணைப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது.

டேஷ்போர்டு பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். டீசல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியால் 0.05 ஓம் தடை உண்டாகியிருந்தால் பல்புக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 200 ஆம்பியர் போக வேண்டிய நேரத்தில் 10 வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துவிடும். பேட்டரி மாற்றியபோது டெர்மினலைக் கழற்றி மாட்டியதில் பிடிப்பு கொஞ்சம் சரியாகியிருக்கும். அந்த ஒரு வாரம் நன்றாக ஓடியதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்களே பார்த்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும், டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிடுங்கள். முனைகளை, கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் முழு சார்ஜ். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் அணைந்த அந்த நொடியிலும் மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி மேல் குற்றமில்லை. கம்பத்திலேயே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு விழுந்துவிட்டுத் திரும்ப ஏறினால் பேட்டரிக்குள்ளேயே இணைப்பு விட்டிருக்கிறது. அப்போது வாரண்டி கார்டோடு கடைக்குப் போங்கள்.

பேட்டரி நல்லது என்றால் ஒரு முனையை நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம்தான், அதாவது நெகட்டிவ் இணைப்பில்தான் கோளாறு. இன்ஜினிலிருந்து சேஸிக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டையை முதலில் பாருங்கள். ஈரச் சாக்கிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும் வண்டியில் அந்த போல்ட்டுக்கு அடியில் துரு ஏறுவது சாதாரணம். எர்த் சரியாக இருந்தால் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையில் இதேபோல் பாருங்கள். பேட்டரிக்கு அருகே உள்ள மெயின் ஃபியூஸில் லூசான போல்ட், உருகிய பிளாஸ்டிக் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவினால் போதும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஆல்டர்னேட்டரையும் சோதித்துவிடுங்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் அது நன்றாக இருக்கிறது. ஓடும்போது டெர்மினலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்துக்கு மட்டும் தயவுசெய்து யாரையும் விடாதீர்கள். எகிறும் வோல்டேஜில் இசிஎம் என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விட்டால் செலவு பேட்டரி விலையைத் தாண்டிவிடும்.

அப்புறம், கேட்கும் வழி. வியாபார வண்டிக்காரர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பேட்டரி நல்லதாக இருந்தால் அதைத் திருப்பி எடுக்கச் சொல்வது கடினம்தான். ஆனால் சோதிக்காமலே மாற்றச் சொன்னதைச் சேவைக் குறைபாடு என்று கேட்கலாம். மீட்டர் காட்டுவதை போனில் வீடியோ எடுத்து, பில்லோடு கடையில் பேசுங்கள். பழைய பேட்டரிக்கு விலை கழித்தார்களா என்பதையும் அந்த பில்லிலேயே பாருங்கள். பேச்சில் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது.